“வீட்ல இருந்தே பாத்துக்கோம்மா”

போன நவம்பரில் எனக்கு டெங்கு. முதல் நாள் காலையிலேயே 102 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி. மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் “காய்ச்சல், இன்று லீவு வேண்டும்” என்று அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில். “அச்சச்சோ, உடம்பப் பாத்துக்கோம்மா. ஆபீஸ் வராத. வீட்ல இருந்தே பாத்துக்கோ.”

நான் கேட்டது லீவு. கிடைத்தது வீட்டிலிருந்து வேலை. அவர் அக்கறையோடுதான் சொன்னார், நானும் தேங்க்ஸ் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரம் அது. நான்கு நாளும் கட்டிலில் தலையணை மேல் லேப்டாப். ஆபீஸ் சாட்டுக்கான டீம்ஸ் ஆப்பில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்குமே, கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டால் அது மஞ்சளாகிவிடும். அது மஞ்சளாகக் கூடாது என்று கண்ணை மூடிப் படுத்தபடியே வலது கையை நீட்டி மவுஸை அசைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கஞ்சி டம்ளரோடு வந்து நின்று, “தூங்குறியா, வேலை பாக்குறியாடி?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்த நாட்களில் நான் எழுதிய புரோகிராமை உடம்பு தேறி வந்து பார்த்தேன். பாதியைத் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. “காய்ச்சல்தான் விட்டுடுச்சே, சாயங்காலம் கிளையன்ட் காலுக்கு மட்டும் வந்துடும்மா” என்றார் மேனேஜர். எனக்கும் அது சரியென்றே பட்டது. டெங்குவில் பெரிய ஆபத்து காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்குகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அதன் பிறகான 24 முதல் 48 மணி நேரம் வரை சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் சரியும். வயிற்று வலி, விடாத வாந்தி, தலைசுற்றல் இதெல்லாம் எச்சரிக்கை. எனக்கு மத்தியானத்திலிருந்தே வயிறு வலித்தது. கிளையன்ட் கால் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடிந்ததும் எழுந்தேன், பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டேன். குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய பிளேட்லெட் 38,000 இருந்தது. அதைவிட என்னை இன்றும் உறுத்துவது வேறு ஒன்று. வார்டில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கண் விழித்து, அம்மாவிடம் முதலில் கேட்டது லேப்டாப் எங்கே என்றுதான். அவள் ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

2020 மார்ச்சுக்கு முன்னால் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக இருக்கும் எங்கள் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் உடம்பு சரியில்லை என்றால் ஒரே கேள்விதான்: ஆபீஸுக்கு வர முடியுமா, முடியாதா? முடியாது என்றால் லீவு. லாக்டவுனுக்குப் பிறகு வர முடியாதவரும் வேலை பார்க்கலாம் என்றாகிவிட்டது. அதில் நல்லதும் உண்டு, மறுக்கவில்லை. முன்பெல்லாம் ஒருவர் சளியோடு வந்தால், ஜன்னல் திறக்காத அந்த ஏ.சி. ஹாலில் ஒரு வாரத்தில் வரிசையே இருமும். கால் சுளுக்கியவருக்கும், மாதவிடாய் வலியோடு ஒரு மணி நேரம் ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் வர வேண்டியவருக்கும் வீட்டிலிருந்து வேலை பெரிய நிம்மதி. அவர்களாக விரும்பிக் கேட்டால் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் வர முடியுமா என்பது ஒரு கேள்வி, வேலை செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை இப்போது யாரும் கேட்பதே இல்லை.

சிக் லீவு யாரும் போடும் பிச்சையில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு, அது போக கேஷுவல் லீவு 12 நாள் வரை என்று அதில் இருக்கிறது. நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்கள், காய்ச்சல்காரனுக்குப் படுக்கை வேண்டும் என்று. எனக்கு அந்த ஆண்டு ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாள் போக எட்டு நாள் மிச்சம். டிசம்பர் 31-ஆம் தேதி அது காலாவதியானது. கட்டிலில் மவுஸை அசைத்த நாட்கள் எல்லாம் கணக்கில் முழு வேலை நாட்கள்.

எங்கள் ஆபீஸ் மாடியைத் துடைக்கும் அக்காவுக்கு இந்தப் பேச்சே கிடையாது. துடைப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வேலை பார்க்க முடியுமா? அவர் காண்ட்ராக்டில் இருக்கிறார், வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில், சந்தா நிபந்தனைகள் சரியாக இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், அதற்காக ஒரு நாள் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் காய்ச்சலுக்கு அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார்.

என் மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே கிளையன்ட். லீவு என்றால் பேக்கப்புக்கு ஆள் காட்ட வேண்டும், டீமில் அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆள் போடாத குறையை நோயாளியின் உடம்பை வைத்துச் சரிக்கட்டுகிறார்கள். அப்ரைசலில் “உடம்பு முடியாதபோதும் ஒத்துழைத்தார்” என்று எனக்குப் பாராட்டு எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் பக்கத்து சீட்டுக்காரர் அதே ஆண்டு டைஃபாய்டுக்கு முறையாக ஆறு நாள் லீவு எடுத்தார். அவருக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

இப்போது எனக்குக் கீழே நான்கு பேர். போன வாரம் அதில் ஒரு தம்பி காலை எட்டரைக்கு மெசேஜ் போட்டான்: “அக்கா, காய்ச்சல். வீட்ல இருந்து லாக் இன் பண்றேன்.” போன் போட்டேன். குரலே கம்மியிருந்தது. லீவு போடுப்பா என்றேன். “ரிலீஸ் இருக்கேக்கா?” என்றான். உன் பேரில் இருக்கிற வேலை டிக்கெட்டில் இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன், மூன்றாவது அடுத்த வாரத்துக்குப் போகட்டும், மேலே நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அப்போ லேப்டாப்ப மூடி வெச்சிடட்டாக்கா?”

“பையில வெச்சு ஜிப்பப் போட்டுடுப்பா” என்றேன்.