சிமெண்ட் தொட்டியை மறுநாளே பறவைகளுக்கு வைக்கலாகாது

சிமெண்டில் வார்த்த பறவைத் தொட்டியை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மறுநாளே தண்ணீர் நிரப்பிப் பறவைகளுக்கு வைக்கலாம் என்று சிலர் கூறுவது சரியன்று. சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது என்பதால், அச்சிலிருந்து எடுத்த தொட்டியை நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, குறைந்தது 7 நாட்களாவது நனைத்துவர வேண்டும். இல்லையேல் விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றும். அதைவிட முக்கியமாக, புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரைக் கடுங்காரமாக்கிவிடும். அதைச் சிட்டுக்குருவிகள் குடிக்க விடுவது கொடுமை. ஆகவே அந்த 7 நாட்களுக்குப் பிறகும் சில வாரங்கள் தண்ணீரை நிரப்பிப் பலகையால் மூடி, மேலே படரும் வெண்ணிற ஏட்டைத் தேய்த்துக் கழுவி, அது படிவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பறவைகளுக்கு வைக்கும்போது தண்ணீரின் ஆழம் நடுவிலும் 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.