காதைக் கொடுங்கள், பார்ட்ஸைக் கொடுக்காதீர்கள்

ஸ்டீயரிங்கை ஒடித்தால் 'கறக்'. நேராகப் போனால் கப்சிப். இவ்வளவுதான் என் புகார். இதை வைத்துக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப் என் காரின் முன்பக்கத்தைக் கிட்டத்தட்ட புதுசாகவே ஆக்கிவிட்டது. 'கறக்' மட்டும் பழசாகவே இருந்தது.

பழுதின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டி என்றால் தேயும், ரப்பர் என்றால் காயும், பேரிங் என்றால் ஒரு நாள் இறுகும். சத்தம் வருகிறது என்று ஒருத்தன் வந்து சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல். பதில் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது, கேள்விதான் இல்லை. நிற்கும்போது வருகிறதா, ஓடும்போது வருகிறதா? எந்தப் பக்கம் ஒடித்தால்? பள்ளத்தில் இறங்கினால் வருமா? காலையில் முதலில் எடுக்கும்போது அதிகமா, சூடான பிறகு அதிகமா? இதைக் கேட்க என்ன காசா பணமா? "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு சார்?" என்பார்கள். சொன்னதும் தலையை ஆட்டுவார்கள். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கேட்காவிட்டாலும் நான் விடாமல் சொன்னேன். வண்டி நிற்கும்போதே வருகிறது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒடிக்கும்போது நடுவழியில் வருகிறது, முன்னால் வலது பக்கம் கேட்கிறது, மேடு பள்ளத்தில் வருவதே இல்லை. கவுன்டரில் இருந்தவர் மும்முரமாக எழுதிக்கொண்டே இருந்தார். ஜாப் கார்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டே சொல்: 'முன்பக்கம் சத்தம்'. வண்டிக்கு அடியில் நிற்கப்போகிறவர் கைக்கு அந்த இரண்டு சொல்தான் போகும். அவரும்தான் பாவம், என்ன செய்வார்? லிங்க் ராடை மாற்றினார்.

லிங்க் ராட் என்பது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு. அது போனால் மேடு பள்ளத்தில் 'லொடக் லொடக்' என்று அடிக்கும். என் வண்டி அதில் வாயே திறக்கவில்லை என்று படித்துப் படித்துச் சொன்னேனே ஐயா! பழியோரிடம், பாவமோரிடம். அடுத்து, சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம். அப்புறம் "அலைன்மென்ட் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்து சரிசெய்வது. அது டயர் ஒரு பக்கமாகத் தேய்வதைத் தடுக்கும், வண்டி ஒரு பக்கம் இழுப்பதைத் தடுக்கும். 'கறக்' என்ற சத்தத்தை அது எப்படித் தடுக்கும்?

நடுவில் ஒருவர் வந்து, "பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைஞ்சிருக்கும் சார்" என்றார். பானட்டைத் திறந்து, அந்த ஆயில் டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். தேடினார். இன்னும் தேடினார். என் வண்டியில் இருப்பது மின் மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங். பம்ப்பும் கிடையாது, ஆயிலும் கிடையாது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஆயில் குறைந்து காற்று புகுந்தால் ஒடிக்கும்போது 'உய்ங்' என்று முனகும், டப்பாவில் நுரை தெரியும். என்னுடையது முனகல் இல்லை, முறிவது மாதிரி 'கறக்'. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எதற்கு ஸ்பேனரைத் தொடுகிறார்?

இதெல்லாம் ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 'டக்டக்டக்' என்று சக்கர வேகத்தோடு சேர்ந்து வந்தால், முன்சக்கர இழுவை வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் வெளிப்பக்க மூட்டான சிவி ஜாயின்ட்டை முதலில் பார்க்க வேண்டும். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும், கண்ணுக்கே தெரியும். வேகம் கூடக் கூட 'ஹூம்ம்' என்று ஏறி, இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் அதிகமானால் பெரும்பாலும் வலது வீல் பேரிங். திரும்பும்போது பாரம் எதிர்ப்பக்கம் சாய்வதால் அப்படி. ஸ்டீயரிங் வளையத்துக்குள்ளேயே 'சர்சர்' என்று உரசினால் உள்ளே ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின் இணைப்பு தரும் சுருளான கிளாக் ஸ்பிரிங்காக இருக்கலாம். சில சமயம் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு கழன்று டயரில் உரசும். அதற்குப் போய் சஸ்பென்ஷனைக் கழற்றுகிற புண்ணியவான்களும் உண்டு.

இப்போது என் 'கறக்'குக்கு வாருங்கள். சக்கரம் சுழலாமலே வருகிறது என்றால் சிவி ஜாயின்ட்டும் வீல் பேரிங்கும் கணக்கில் இல்லை. மேடு பள்ளத்தில் இல்லை என்றால் லிங்க் ராட் மேல் சந்தேகப்பட வேலையே இல்லை. ஒடிக்கும்போது திரும்புகிற பாகங்கள் மிச்சம்: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட் பேரிங், லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட், சக்கரத்தைத் திருப்பும் தண்டின் நுனியான டை ராட் எண்ட், ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் ஜாயின்ட், அப்புறம் ஸ்டீயரிங் சுழல்வதை இடவல நகர்வாக மாற்றும் ரேக். உட்கார்ந்த இடத்திலேயே பட்டியல் பாதியாகிவிட்டது. கார் ஓட்ட மட்டும் தெரிந்த எனக்கே இது எட்டுகிறது.

இன்னொரு கூத்து. "லிஃப்ட்ல ஏத்தி ஒடிச்சுப் பாத்தோம் சார், ஒரு சத்தமும் இல்ல." எப்படி வரும்? லிஃப்ட்டில் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. வண்டியின் பாரம் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்தால்தானே அந்த மவுண்ட் பேரிங் திணறும்? தரையில் நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒடிக்க, இன்னொருவர் வெளியே நின்று கேட்க வேண்டும். அதற்கு இரண்டு பேரும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். பார்ட்ஸ் மாற்ற ஒரே ஆள் போதுமே!

இதைவிட ஆபத்தான பதில் ஒன்று இருக்கிறது. "ஓட்டிப் பாருங்க சார், பெருசானா வாங்க." இதைக் கேட்டால் எனக்கு நிஜமாகவே பயம் வருகிறது. பால் ஜாயின்ட்டோ டை ராட் எண்டோ முழுசாகக் கழன்றால் அந்தச் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. சத்தம் 'பெருசாகும்' கணம் நாம் எந்த வேகத்தில் போய்க்கொண்டிருப்போம் என்று யாருக்குத் தெரியும்? அவை நன்றாக இருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்து உறுதி செய்துவிட்டு "பயமில்ல, ஓட்டுங்க" என்று சொன்னால் சரி. தொட்டுக்கூடப் பார்க்காமல் எப்படிச் சொல்லலாம்?

கடைசியில் ரேக்கையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் நீட்டினார்கள். பில்லைப் பார்த்தபோது எனக்கே 'கறக்' என்றது. கையெழுத்துப் போடாமல் வண்டியை வேறு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பையன் எதையும் கழற்றவில்லை. என்னை உள்ளே உட்கார்ந்து மெதுவாக ஒடிக்கச் சொன்னான். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, காயில் ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டு குனிந்து நின்றான். "இன்னும் ஒடிங்க... இன்னும்... ஆங்." 'கறக்'. "குதிக்குது சார், நீங்க வந்து தொட்டுப் பாருங்க." அவன் ஒடிக்க நான் தொட்டேன். ஸ்பிரிங் திரும்பாமல் அடம்பிடித்து, முறுக்கிக்கொண்டே வந்து, சட்டென்று துள்ளியது. மேலே மவுண்ட் பேரிங் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மாற்றினான். சத்தம் போயே போச்சு.

மனசு கேட்குமா? பழைய இடத்துக்கே போனேன். வண்டியை அவர்கள் முன்னாலேயே நிறுத்தி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துக் காட்டினேன். "அப்ப ரேக் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். எஸ்டிமேட் நீட்டிய மனிதர் அசரவே இல்லை.

"இப்ப நல்லாத்தான் இருக்கு சார். எப்படியும் ஒரு நாள் போகத்தானே போகுது?"