பிரெஞ்சு பாலிஷ்

(மதுரை செல்லூரில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு சாப்பிட்டு முடித்த நேரம். தச்சுவேலை மாரியப்பன் பாயை விரிக்கப் போகிறார். மகள் நந்தினி, கல்லூரி இரண்டாம் ஆண்டு, டீப்பாய் முழுக்கக் குப்பிகளைப் பரப்பி வைத்திருக்கிறாள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள். வீட்டில் இருந்திருந்தால் இந்த உரையாடலே நடந்திருக்காது.)

நந்தினி: அப்பா, கையைக் கொஞ்சம் குடுங்க.

மாரியப்பன்: எதுக்கு?

நந்தினி: நெயில் ஆர்ட் பழகணும். புதன்கிழமை மாமா பொண்ணுக்கு வளைகாப்பு. அஞ்சு பேருக்கு நான்தான் போட்டுவிடுவேன்னு வாயை விட்டுட்டேன்.

மாரியப்பன்: வாயை விட்டது நீ. கையைக் குடுக்கிறது நானா? உன் கையில பழகு தாயி.

நந்தினி: இடது கையில போட்டாச்சு. அப்புறம் இடது கையால வலது கைக்குப் போட்டேன். பாருங்க.

மாரியப்பன்: (உற்றுப் பார்த்து) அடடா, எந்தக் கதவுல நசுக்கிக்கிட்ட?

நந்தினி: அது ரோஜாப்பூ!

மாரியப்பன்: நான் கொஞ்சம் கண்ணை மூடுறேன். அண்ணாநகர் அம்மா போன் பண்ணினா நான் இல்லைன்னு சொல்லு. அவங்க கதவுக்கு ரெண்டாவது கோட்டு இன்னும் போடலை.

நந்தினி: கையைக் குடுத்தா இல்லைன்னு சொல்றேன். குடுக்கலைன்னா இருக்கார்னு சொல்றேன்.

(மாரியப்பன் பாயைச் சுருட்டி வைக்கிறார். கையை நீட்டுகிறார். நந்தினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.)

நந்தினி: என்னப்பா இது, ஊரு ரோடு மாதிரி இருக்கு. இந்தக் கட்டைவிரல் நகத்துல என்ன கறுப்பா?

மாரியப்பன்: அது சுத்தியல் போட்ட ஆர்ட்டு. காசு வாங்காமப் போட்டது. தீபாவளிக்கு முன்னாடி அடிபட்டப்போ நகத்தோட அடியில இருந்துச்சு. இப்ப நுனிக்கு வந்துடுச்சு பாரு. மாசத்துக்கு ஒரு நூல் ஏறுது.

நந்தினி: நூலா?

மாரியப்பன்: ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். காலேஜுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?

நந்தினி: (போனில் கணக்குப் போட்டு) 3.175 மில்லிமீட்டர். அப்பா! கை நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியில முளைச்சு நுனிக்கு வர ஆறு மாசம் ஆகும். அப்படியே சரியாச் சொல்றீங்களே.

மாரியப்பன்: டேப்பு வச்சா அளந்தேன்? வலியை வச்சு அளந்தேன். கால் நகத்துக்கு எவ்வளவு?

நந்தினி: அது ரொம்ப மெதுவு. பெருவிரல் நகம் முழுசா மாற ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும்.

மாரியப்பன்: அப்ப சுத்தியலைக் கால்ல போட்டுக்கக் கூடாது. நஷ்டம்.

(நந்தினி ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவருகிறாள்.)

மாரியப்பன்: இது உங்கம்மா பாயசக் கிண்ணம்ல?

நந்தினி: கழுவி வச்சிடலாம். விரலை முக்குங்க. அஞ்சு நிமிஷம். தோல் இளகணும்.

மாரியப்பன்: இளகி?

நந்தினி: நகக்கண்ணுக்கு மேல, நகத்துல ஒட்டிக்கிட்டு மெல்லிசா ஒரு தோல் ஏறியிருக்கு பாருங்க. அதுதான் கியூட்டிகிள். அதை ஒதுக்கணும்.

மாரியப்பன்: இவ்வளவுதானா? அரை இஞ்சு உளி வெளிய பையில இருக்கு. எடுத்துட்டு வா, ஒரே சீவுல...

நந்தினி: அய்யோ, சீவக் கூடாது!

மாரியப்பன்: ஏன், போன வருஷம் நீ நகவெட்டியால வெட்டலையா? மறுநா விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, உங்கம்மா எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டுச் சொருகிவிட்டு, அதோட பஸ் ஏறினியே.

நந்தினி: அதை ஏன்ப்பா இப்ப ஞாபகப்படுத்துறீங்க. கண்டக்டர் பழத்துக்கும் டிக்கெட் வேணுமான்னு கேட்டார்.

மாரியப்பன்: நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழம் நல்லதுதானே?

நந்தினி: குளிர்ச்சியா இருந்துச்சு, அவ்வளவுதான். கடைசியில டாக்டர்தான் சீழை எடுத்து மாத்திரை குடுத்தார். அவர் சொன்னதுதான் இது. கியூட்டிகிளை வெட்டினா நகத்துக்கும் தோலுக்கும் நடுவுல வழி திறந்துக்கும். அதுக்குள்ள கிருமி போயிடும்.

மாரியப்பன்: (சற்று யோசித்து) ஓ... ஜன்னல் கண்ணாடி ஓரத்துல பட்டி வைக்கிறோமே, அது மாதிரியா? தண்ணி உள்ள இறங்காம?

நந்தினி: அதே பட்டிதான்.

மாரியப்பன்: அட மடச்சி! பட்டியைப் போயி யாராவது பேத்தெடுப்பாங்களா? உள்ள மரம் உளுத்துடும்ல. இதை முதல்லயே சொல்லியிருந்தா உளி கேட்டிருப்பேனா?

நந்தினி: இந்தக் குச்சியால மெதுவாத் தள்ளினாப் போதும். ஆரஞ்சுக் குச்சின்னு பேர்.

மாரியப்பன்: (குச்சியை வாங்கி முகர்ந்து, நகத்தால் கீறி) ஆரஞ்சு மரமா இது? யாருகிட்ட கதை விடுறாங்க. எவ்வளவு?

நந்தினி: பத்துக் குச்சி அறுபது ரூபா.

மாரியப்பன்: நான் சீவித் தள்ளுற சிராயில நூறு கிடைக்கும். என்கிட்ட கேட்டிருக்கலாம்ல.

நந்தினி: உங்க சிராய் குத்தினா அதுக்கு ஒரு டாக்டர் பார்க்கணும். சுட்டுவிரல் ஓரத்துல என்னப்பா தோல் உரிஞ்சு ரத்தம் கட்டியிருக்கு?

மாரியப்பன்: அதுவா, பல்லால இழுத்தேன். கொஞ்சம் கூட வந்துடுச்சு.

நந்தினி: பல்லாலயா! இழுக்கக் கூடாதுப்பா, நீட்டிக்கிட்டு நிக்கிறதை மட்டும் நகவெட்டியால கத்தரிக்கணும். ராத்திரி படுக்கும்போது ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவுங்க. காய்ஞ்சாத்தான் இப்படி உரியும்.

மாரியப்பன்: காயாம என்ன செய்யும்? பகல் பூரா பெவிகால், சிமெண்டு, தின்னர். சரி, இப்பவே எண்ணெயை வை.

நந்தினி: இப்ப வேண்டாம். பாலிஷ் ஒட்டாது.

மாரியப்பன்: ஆமாமா. பிசுக்கு மேல எதுவும் நிக்காது. நல்லபடியாத்தான் படிச்சிருக்க.

(நந்தினி விரல்களைத் துடைத்துவிட்டு உடனே குப்பியைத் திறக்கிறாள்.)

மாரியப்பன்: ஏய் ஏய், நிறுத்து. இப்பத்தானே தண்ணியில கிடந்துச்சு?

நந்தினி: துடைச்சாச்சே.

மாரியப்பன்: மேலதான் துடைச்ச. உள்ள ஈரம் இருக்கும். ஈர மரத்துல பாலிஷ் போட்டா என்ன ஆகும்? மரம் உப்பியிருக்கும். காய்ஞ்சதும் சுருங்கும். மேல இருக்கிறது ஏடு ஏடா உரிஞ்சு வரும். நகமும் ஊறினா உப்பாதா?

நந்தினி: (வாய் பிளந்து) அதனாலதான் எனக்கு ரெண்டே நாள்ல உரிஞ்சுடுதா...

மாரியப்பன்: கால் மணி நேரம் சும்மா கிட. அதுக்குள்ள அந்த உப்புத்தாளைக் காட்டு.

நந்தினி: உப்புத்தாள் இல்ல, நெயில் ஃபைல்.

மாரியப்பன்: உப்புத்தாளை அட்டையில ஒட்டிப் பேரை மாத்தினா ஆச்சா? என்ன நம்பர் போட்டிருக்கு... 180. பரவாயில்ல, நல்ல நம்பர்தான். என் நகத்துல கோடு கோடா இருக்கே, அதுக்கு முதல்ல 80 நம்பர் முரட்டுத் தாளைப் போட்டுத் தேய்ச்சிட்டு...

நந்தினி: 80-ஐப் போட்டா நகமே இருக்காது! கோடு எல்லாம் வயசாகிறதால வர்றது. தேய்ச்சா மெல்லிசாகி உடையும். நுனியை மட்டும்தான் ராவணும், அதுவும் ஒரே பக்கமா. முன்னும் பின்னும் ரம்பம் மாதிரி இழுத்தா நுனி ஏடு பிரிஞ்சிடும்.

மாரியப்பன்: சரி சரி. அது என்ன பக்கத்துல வெள்ளையா... ஏ, இது என் பெவிகால்!

நந்தினி: கொஞ்சம்தான்ப்பா எடுத்தேன். நகத்தைச் சுத்தித் தோல்ல தடவிட்டா, பாலிஷ் வழிஞ்சாலும் கடைசியில பசையோட உரிச்சு எடுத்துடலாம்.

மாரியப்பன்: பீரோ செய்யிற பசை. அதை வச்சு என் விரலை ஒட்டப் போறியா?

நந்தினி: வெள்ளை போயி கண்ணாடி மாதிரி ஆனதும் உரிச்சாப் போதும்.

மாரியப்பன்: அது எனக்குத் தெரியாதா, இருபத்தஞ்சு வருஷமா என் கையில உரிக்கிறேன். நகத்துல படாமத் தடவு, அதுதான் முக்கியம்.

(நந்தினி குப்பியை எடுத்துத் தடதடவென்று குலுக்குகிறாள்.)

மாரியப்பன்: என்ன, இருமல் மருந்தா குலுக்குற? உள்ள காத்து போயி கொப்புளம் கொப்புளமா நிக்கும். உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல வச்சு உருட்டு. அந்த ஃபேனையும் அமத்து.

நந்தினி: வேர்க்குதுப்பா!

மாரியப்பன்: வேர்த்தா வேர்க்கட்டும். காத்து அடிச்சா மேல மட்டும் காயும், அடியில ஈரம் நிக்கும். (குப்பியை முகர்ந்து முகம் மலர்கிறார்) அட... இது நம்ம லேக்கர்!

நந்தினி: லேக்கரா?

மாரியப்பன்: என்.சி. லேக்கர். பீரோவுக்கு அடிப்போம்ல. அதே வாசனை.

நந்தினி: (குப்பியின் அடியைப் படித்து) எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட், நைட்ரோசெல்லுலோஸ்...

மாரியப்பன்: என்.சி.ன்னா அந்த நைட்ரோசெல்லுலோஸ்தான்! ஒரு லிட்டரு வாங்கினா ஊருக்கே போடலாம். இந்தச் சுண்டைக்காய்க் குப்பி என்ன விலை?

நந்தினி: வேண்டாம்ப்பா, தூக்கம் போயிடும். உங்க லேக்கரை எல்லாம் நகத்துல போடக் கூடாது, இது நகத்துக்குன்னே செய்யறது. பாட்டி இதை கியூடெக்ஸ்னு சொல்லும்ல? அது ஒரு அமெரிக்கக் கம்பெனி பேர். 1911-ல அவங்க முதல்ல வித்தது நகப்பூச்சே இல்ல. கியூட்டிகிளை இளக்கி எடுக்கிற தண்ணி.

மாரியப்பன்: பட்டியைக் கரைக்கிற தண்ணி வித்தவன் பேரையா எங்கம்மா இத்தனை வருஷம் சொல்லுச்சு? சரி, தப்பா ஒரு கோட்டு அடிச்சா எதை வச்சுக் கழுவுவ?

நந்தினி: அதோ, ரிமூவர். அசிட்டோன். பஞ்சுல நனைச்சு டீப்பாய் மேல ரெடியா வச்சிருக்கேன்.

மாரியப்பன்: எந்த டீப்பாய் மேல?

(அமைதி. நந்தினி பஞ்சை எடுக்கிறாள். பஞ்சு வர மாட்டேன் என்கிறது. பிய்த்து எடுத்தால், பளபளவென்றிருந்த தேக்கு மேல் எட்டணா அளவுக்கு வெளுத்துப் போன ஒரு வட்டம். அதில் பஞ்சு இழைகள், தாடி முளைத்தாற்போல.)

மாரியப்பன்: நாலு கோட்டு அடிச்ச டீப்பாய். உங்கம்மா இதுல காபி டம்ளர்கூட வைக்க விட மாட்டா.

நந்தினி: நான் இப்பத்தானே சொன்னேன், ரெண்டும் ஒரே லேக்கர்னு...

மாரியப்பன்: அது நான் சொன்னது!

நந்தினி: அம்மா புதன்கிழமை நேரா வளைகாப்புக்குத்தான் வருது. அதுக்குள்ள நீங்க ஒரு டச்சப்...

மாரியப்பன்: செய்யறேன். செய்யாம எங்க போறது. நீ முதல்ல என் கையை முடி. என்ன டிசைன்?

நந்தினி: பிரெஞ்சு.

மாரியப்பன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) பிரெஞ்சு பாலிஷா? அரக்கை ஸ்பிரிட்டுல ஊறவச்சு, பஞ்சைத் துணியில கட்டி, வட்டம் வட்டமாத் தேய்ச்சு... எங்கப்பா போடுவார் தாயி. அதுல மூஞ்சி பார்த்துத் தலை வாரலாம்.

நந்தினி: இது வேறப்பா. நகம் பூரா வெளிர் ரோஸ், நுனியில மட்டும் வெள்ளைக் கோடு. பேருதான் பிரெஞ்சு, பிறந்தது பிரான்சுல இல்ல. 1970-கள்ல அமெரிக்காவுல ஜெஃப் பிங்க்னு ஒருத்தர் ஹாலிவுட் நடிகைங்களுக்காகக் கொண்டுவந்தது. எல்லா டிரஸ்ஸுக்கும் பொருந்துமாம்.

மாரியப்பன்: ஆளு பேரும் பிங்க்கா?

நந்தினி: சத்தியமா.

(நந்தினி ரோஸ் வண்ணத்தைக் குழைத்து அப்புகிறாள்.)

மாரியப்பன்: எதுக்கு ஒரே கோட்டுல இவ்வளவு தடிமன்? இட்லி மாவா ஊத்துற? மெல்லிசா ஒண்ணு, காயவிட்டு மெல்லிசா இன்னொண்ணு. நகக்கண்ணுல இருந்து ஒரு மயிரிழை தள்ளி ஆரம்பி. தோலைத் தொட்டா அங்க இருந்துதான் உரிய ஆரம்பிக்கும்.

நந்தினி: வெள்ளைக் கோடு மட்டும் எனக்கு நேரா வர மாட்டேங்குது. கை நடுங்குது.

மாரியப்பன்: மாஸ்கிங் டேப்பு இருக்கா?

நந்தினி: செலோடேப்தான்.

மாரியப்பன்: அதைப் புறங்கையில ரெண்டு தடவை ஒட்டி எடு, பசை குறையும். அடி கோட்டு நல்லாக் காய்ஞ்ச பிறகு ஒட்டு. வெள்ளையை அடிச்சதும் காயறதுக்குள்ள டேப்பை இழுத்துடணும். காயவிட்டு இழுத்தா ஓரம் பிய்ஞ்சு வரும். இங்க குடு. உன் வலது கையைக் காட்டு. அந்த ரோஜாப்பூவை முதல்ல அழி.

(மாரியப்பன் மூக்குக்கண்ணாடியை மாட்டுகிறார். நந்தினியின் விரலை டீப்பாய் ஓரத்தில் வைத்து, தன் சுண்டுவிரலை அவள் கையில் ஊன்றிக்கொண்டு, டேப்பே இல்லாமல் ஒரே இழுப்பில் கோடு போடுகிறார். காதில் பென்சில் செருகியிருக்கிறது, அதை எடுக்க மறந்துவிட்டார்.)

நந்தினி: அப்பா... எப்படிப்பா?

மாரியப்பன்: கையை அந்தரத்துல வச்சா நடுங்கும். ஒரு விரலை ஊணிக்கணும். மூச்சை விடும்போது இழு.

நந்தினி: புதன்கிழமை நீங்க லீவு போடுறீங்களா?

மாரியப்பன்: உதை வாங்குவ. என் கையில பாதியில நிக்குது, அதை முடி. கட்டைவிரல்ல அந்தக் கறுப்பு மறையிற மாதிரி.

(நந்தினி முடிக்கிறாள். மாரியப்பன் பத்து விரலையும் விரித்துத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். போன் அடிக்கிறது.)

நந்தினி: அண்ணாநகர் அம்மா! நீங்க இல்லைன்னு சொல்லவா?

மாரியப்பன்: வேண்டாம், ஏற்கனவே ரெண்டு தடவை அப்படிச் சொல்லியாச்சு. காதுல வையி, என்னால பிடிக்க முடியாது. (போனில்) வணக்கம்மா... இல்லம்மா, தூங்கலை, கையில வேலையாத்தான் இருக்கேன்... ரெண்டு கோட்டு அடிச்சாச்சு... சத்தியமா அடிச்சாச்சும்மா, கண் முன்னாடிதான் இருக்கு... இல்லம்மா, இன்னும் ஈரமா இருக்கு. இப்பத் தொட்டா ரேகை விழுந்துடும்... என்ன கலரா?

நந்தினி: (கிசுகிசுப்பாக) பேபி பிங்க்.

மாரியப்பன்: ...தேக்குக் கலருதாம்மா.