விலை இறங்கட்டும் என்று ஹார்டு டிஸ்க் வாங்காமல் இருப்பவர்களுக்கு

போன மாதம் என் கம்ப்யூட்டரில் இருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ணத் தொடங்கியது. தங்கை கல்யாண ஃபோல்டரைக் காப்பி போட்டால் பச்சைக் கோடு பாதிவரை ஓடி அப்படியே நின்றுவிடும். உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன். மஞ்சள் எச்சரிக்கை. டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சின்னச் சின்ன இடங்கள்தான் செக்டர்கள். அவற்றில் படிக்க முடியாமல் நிற்பவற்றின் கணக்கான சி5 வரிசையில் 18 என்று இருந்தது. அந்த மென்பொருள் இந்த எண்களைப் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) காட்டும், அதனால் 18 என்றால் 24 செக்டர். பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஆறு மாதமாகவே அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விலை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அது பெரிய தவறு.

2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் அயுத்தயாவில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை மூழ்கியபோதும் இப்படித்தான் விலை எகிறியது. ஆனால் அப்போது காத்திருப்பதில் ஒரு கணக்கு இருந்தது. தண்ணீர் வடியும், தொழிற்சாலை ஓடும். இப்போது அள்ளிக்கொண்டு போவது ஏஐ டேட்டா சென்டர்கள். உலகத்தில் ஹார்டு டிஸ்க் செய்வதே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா என்று மூன்றே நிறுவனங்கள். அவர்களிடம் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு முன்னால் நம்முடைய ஒற்றை டிரைவ் எந்த மூலைக்கு? எப்போது இறங்கும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. செக்டர்கள் அதுவரை காத்திருக்காது.

சரி, வாங்கிவிடலாம் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஒரு கடையில் 4 டிபி டிரைவை மற்ற கடைகளைவிட நன்றாகவே குறைத்துச் சொன்னார்கள். "புதுசுதான் தம்பி, பாக்ஸ் மட்டும்தான் இல்ல." கையில் வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டு ஸ்க்ரூ ஓட்டைகளில் மரை தேய்ந்த பளபளப்பு. கேபிள் மாட்டும் சாட்டா பின்களின் தங்கப் பூச்சில் மெல்லிய கோடுகள். எங்கேயோ மாட்டிக் கழற்றிய டிரைவ் அது. போனிலேயே தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்தைத் திறந்து சீரியல் எண்ணைப் போட்டேன். வாரன்டி இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்குப் பயமே இதில்தான். விலை ஏறும்போதெல்லாம் பழைய டிரைவ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். 2021-இல், டிஸ்க்கில் உள்ள இடத்தை வைத்தே சம்பாதிக்கும் சியா என்ற கிரிப்டோ காசுக்காக உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிக் குவித்தார்கள். அந்த மோகம் அடங்கிய பிறகு அவை என்ன ஆயின? 2025 ஜனவரியில் ஜெர்மனியில் புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிரைவ்கள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. அவற்றில் பல சியாவுக்கு ஓடியவையாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். டிரைவ் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில், ஓடிய நேரத்தின் கணக்கைப் பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள். சீகேட் டிரைவுக்குள் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு. அதுதான் காட்டிக்கொடுத்தது. வருடம் முழுக்க ஓடினாலே 8,760 மணி நேரம்தான், அதை வைத்துப் பாருங்கள்.

அதனால் விலை அதிகம் என்றால் கொள்ளளவைக் குறையுங்கள், புதிய டிரைவ் என்பதில் மட்டும் இறங்கி வராதீர்கள். நான் 4 டிபி ஆசையை விட்டுவிட்டு, சீல் பிரிக்காத 2 டிபி வாங்கினேன். பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொன்னேன்.

சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று நண்பர் கேட்டார். டிஸ்க்கில் தகவலை எழுதும் இரண்டு முறைகள் இவை. சிஎம்ஆரில் தகவல் எழுதும் வளையங்களான டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் டிராக்குகள் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், நடுவில் ஒன்றை மாற்றப் பக்கத்தில் உள்ளதையும் திரும்ப எழுத வேண்டும். நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். 2020-இல் நாஸுக்கென்றே விற்ற ரெட் டிரைவ்களில் சொல்லாமலே அதை வைத்ததற்காக வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிக்கட்டிக்கொண்டது. போட்டோ, வீடியோவை ஒருமுறை எழுதி வைத்துவிட்டு எப்போதாவது பார்ப்பவர்களுக்கு எஸ்எம்ஆரே போதும். அதில் மிச்சமாகும் பணம் இந்த நேரத்தில் பெரிது.

புது டிஸ்க்கை மாட்டியதும் முதல் வேலையாகக் கல்யாண ஃபோல்டரை எடுத்தேன். இரவு முழுக்க ஓடியது. மூன்று வீடியோ வரவில்லை. அதில் ஒன்று தாத்தா மணமேடையில் அட்சதை போடுவது. ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்திருந்தால் மூன்றுமே வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.