வாக்குரிமை வேறு, மனு போடும் உரிமை வேறு

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த இடத்தில் மீட்பு வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ரஷ்யாவின் ஷாக்தி ஊர்க்காரர். கதிர்வீச்சால் அவர் உடம்பு கெட்டுப்போனது. நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உள்ளூர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. "நிதி இல்லை" என்று அலுவலகம் வருஷக்கணக்கில் இழுத்தடித்தது. மனிதர் விடவில்லை. ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2002 மே மாதம் ஜெயித்தார். அந்த நீதிமன்றம் ரஷ்யாவுக்கு எதிராகக் கொடுத்த முதல் தீர்ப்பு அது.

அந்த நீதிமன்றம், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பினுடையது. 1996இல் அந்தக் கவுன்சிலில் ரஷ்யாவைச் சேர்த்ததால்தான் இந்த வழி பிறந்தது. ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் செச்சென்யாவில் அதன் படை போர் நடத்தும்போதே சேர்த்தார்கள். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். காணாமல் போன மகனைத் தேடி அலைந்த செச்சென் தாய்மார்களும், 2004இல் தீவிரவாதிகள் பிணை பிடித்த பெஸ்லான் பள்ளியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் பின்னால் ஏறியது அந்தப் படிதான்.

என் கோபமெல்லாம் 2019இல் நடந்ததன் மேல்தான். உக்ரைனிடமிருந்து கிரிமியாவைப் பிடுங்கிக்கொண்டதற்காக 2014இல் கவுன்சிலின் நாடாளுமன்ற சபையில் ரஷ்ய எம்.பி.க்கள் குழுவின் வாக்குரிமையை நிறுத்தினார்கள். 2017இல் ரஷ்யா கவுன்சிலுக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தியது. வருஷத்துக்குச் சுமார் 3.3 கோடி யூரோ. வெளியேறிவிடுவோம் என்றும் மிரட்டியது. 2019 ஜூனில் 118க்கு 62 என்ற வாக்கில் சபை உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. கிரிமியா திரும்பவில்லை. முந்தின நவம்பரில் பிடித்துப்போன 24 உக்ரைன் மாலுமிகள் அன்றைக்கும் மாஸ்கோ சிறையில்தான் இருந்தார்கள்.

"இல்லையென்றால் ரஷ்யா வெளியேறிவிடும், சாதாரண ரஷ்யர்கள் நீதிமன்றத்தை இழப்பார்கள்" என்றார்கள் திருப்பிக் கொடுத்தவர்கள். நியாயமான கவலைதான். ஆனால் வாக்குரிமை போன அந்த ஐந்து வருஷமும் ரஷ்யர்கள் மனு போட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? அந்தக் கதவை மூடுவேன் என்று மிரட்டியது ரஷ்ய அரசு. தன் மக்களையே பிணையாக வைத்துப் பேரம் பேசியவர்களுக்குப் பணிந்து போனதை ஒத்துழைப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் நடந்தது தெரியும். செச்சென் குடும்பங்களுக்காக வழக்கு நடத்திய மெமோரியல் அமைப்பைக் கலைக்கச் சொல்லி 2021 டிசம்பரில் ரஷ்ய நீதிமன்றங்களே உத்தரவிட்டன. இரண்டே மாதத்தில் உக்ரைன் மீது படையெடுப்பு. 2022 மார்ச் 16 அன்று ரஷ்யாவைக் கவுன்சிலிலிருந்து நீக்கினார்கள். செப்டம்பர் 16க்குப் பிறகு நடப்பவற்றுக்கு அங்கே வழக்குப் போட முடியாது. இன்று ஷாக்தியில் ஒருவருக்கு அலுவலகம் அதே பதிலைச் சொன்னால், போய் நிற்க அவருக்கு அந்த வாசல் இல்லை.

போர் என்றைக்காவது நிற்கும். எரிவாயு விலை பேச ஆட்கள் உடனே கிளம்புவார்கள். பேசட்டும். அரசியல் கைதிகளின் விடுதலையும், ரஷ்யர்கள் மனுப் போடும் உரிமையும் அந்த மேஜைக்கு முதலில் வரவேண்டும். ரஷ்யப் பிரதிநிதிகளுக்கு நாற்காலி போடுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.