அம்பு பூட்டாமல் நாணை விடவே விடாதீர்கள்

"பழைய காம்பவுண்ட் வில்லை (நுனிகளில் கப்பி உள்ள வில்) வாங்கும் முன் அம்பில்லாமல் இரண்டு முறை முழுசாக இழுத்து விட்டுப் பாருங்கள், உடையவில்லை என்றால் நம்பி வாங்கலாம்" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். நல்ல வில்லையே கெடுத்துவிடும் சோதனை இது.

இழுத்த வில்லில் சேரும் ஆற்றலில் பெரும்பகுதியை அம்புதான் எடுத்துக்கொண்டு போகிறது. அம்பு இல்லாவிட்டால் அத்தனையும் லிம்ப் (வில்லின் வளையும் கைகள்), கேம் (அவற்றின் நுனியில் உள்ள கப்பி), நாண், கேபிள் (கேம்களை இணைக்கும் கயிறு) மீதே இறங்கும். நாண் கேமை விட்டுத் தெறிக்கலாம், லிம்ப் பிளந்து முகத்தில் சிதறலாம். அந்த நேரம் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து பிறகு ஒருநாள் உடையலாம். விற்பவர் கையில் இந்த வில் ஏற்கெனவே அப்படி விடப்பட்டதா என்பதைத்தான் நாம் தேட வேண்டும். லிம்பின் ஓரங்களில் பஞ்சை மெல்லத் தடவுங்கள், எங்காவது சிக்கினால் அந்த வில் வேண்டாம். கேம் கோணலாக நிற்கிறதா, நாண் நைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இழுத்துப் பார்ப்பதானால் உங்கள் இழுநீளத்துக்கு (நீங்கள் நாணை முழுசாக இழுக்கும் தூரம்) அமைத்து, அம்பு பூட்டி, இலக்கை நோக்கி மட்டுமே.

"70 பவுண்டு இழுவிசை உள்ள வில்லின் லிம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, இழுவிசையை எவ்வளவுக்கும் குறைக்கலாம்" என்பதும் தவறு. பல மாடல்களில் உச்ச அளவிலிருந்து சுமார் 10 பவுண்டுதான் குறையும். அதற்கு மேல் தளர்த்தினால் லிம்ப் கழன்று வரும் ஆபத்து உண்டு. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்சமே 60 பவுண்டுதான்.