130.4 டெசிபலும் நான் எழுந்து போன மூன்று நிமிடங்களும்

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் தொடங்கினால், எந்த அரங்கில் இரைச்சல் அதிகம் என்ற வழக்கும் கூடவே தொடங்கிவிடும். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் தயங்காமல் 130.4 டெசிபல் என்பார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். 2017 பிப்ரவரி 13, திங்கட்கிழமை இரவு, லாரன்ஸ் நகரின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கில், மேற்கு வர்ஜீனியா அணியுடனான ஆட்டம் தொடங்குவதற்கு முன் பதிவாகிக் கின்னஸ் சாதனையான அந்த எண்ணில் என் தொண்டைக்கும் பங்குண்டு. ஆனால் அந்த இரவைப் பற்றிச் சொல்லத் தகுந்தவற்றுள் கடைசி இடம்தான் அந்த எண்ணுக்கு என்று இப்போது நினைக்கிறேன். அதற்குக் காரணம் என் சொந்த வெட்கக்கேடு ஒன்று.

அந்த அரங்கைப் பார்க்காதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1955இல் திறக்கப்பட்ட அது, வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் கிடங்கைப் போலிருக்கும். அன்று உள்ளே 16,300 பேர் தோளோடு தோள் இடிக்க நீள்பலகைகளில் அமர்வார்கள். அது நிற்கும் சாலைக்குக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் பெயர். 1891இல் ஆட்டத்தை உருவாக்கிய அவர் 1898இல் கான்சஸ் வந்து அணியின் முதல் பயிற்றுநரானார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. வெற்றியைவிடத் தோல்வி அதிகமான ஒரே கான்சஸ் பயிற்றுநர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே என்பதை லாரன்ஸ்வாசிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவரிடம் ஆடிப் பின்னர் அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஆலன். பேஸ்பால் நடுவராக இருந்தபோது கப்பலின் பனிச்சங்கு போல் ஒலித்த குரலால் அவருக்கு ‘ஃபாக்’ என்ற பட்டப்பெயர் வந்தது. குரலால் பெயர் பெற்றவரின் பெயரைத் தாங்கிய அரங்கு இரைச்சலுக்குப் பெயர் பெற்றதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ‘ஃபாக்கிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்று வந்தவர்களை மிரட்டும் பதாகையை 1988இல் மாணவர்கள் முதன்முதலில் செய்தது விடுதிக் குளியலறைத் திரைகளை வைத்துத்தான்.

மாணவர்களுக்கு அங்கே இருக்கை எண் கிடையாது. முப்பது பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, சீட்டுக் குலுக்கலில் வரிசை எண் பெற்று, பகல் முழுவதும் குழுவில் ஒருவராவது அரங்கத்தின் நடைவழியில் காத்திருக்க வேண்டும். பெயர் அழைக்கும்போது ஆளில்லையென்றால் குழு பட்டியலிலிருந்து போய்விடும். என் முறை வந்தபோது குளிர்ந்த சிமென்ட் தரையில் உட்கார்ந்து புள்ளியியல் வீட்டுப்பாடம் எழுதினேன். அதில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம்.

இவ்வளவு காத்திருந்து உள்ளே போனபின் சாதனை முயற்சி வந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரங்களுக்குள்தான் கென்டக்கியின் ரப் அரங்கில், கான்சஸ் விருந்தாளியாக ஆடிய நாளிலேயே, 126.4 டெசிபல் பதிவாகியிருந்தது. அதை முறியடித்தாக வேண்டும் என்ற ரோசத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினோம். திரையில் எண் ஏறியதும் பக்கத்திலிருந்தவர்களைக் கட்டிக்கொண்டோம். அப்போது ஆடுகளத்தில் ஆட்டமே இல்லை. எதிரணி அறிமுகமாகும்போது செய்தித்தாளை விரித்துப் படிப்பதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, நம் அணி வரும்போது அதையே கிழித்துக் காகிதத் துண்டுகளாக வீசும் வழக்கம் ஒன்று அங்கே உண்டு. அந்த நேரத்திலேயே என் குரல் பாதி போயிருந்தது.

மேற்கு வர்ஜீனியா முழு ஆடுகளத்தையும் நெருக்கி, பந்தைக் கொண்டுபோக விடாமல் மூச்சுத் திணற வைக்கும் அணி. ஜனவரியில் தங்கள் ஊரில் கான்சஸை 85–69 என்று வென்றிருந்தது. ஒன்பது நாளைக்கு முன் அயோவா ஸ்டேட் அணி வேறு, இந்த அரங்கில் ஐம்பது ஆட்டங்களைத் தாண்டி நீடித்த வெற்றித் தொடரை முடித்து வைத்திருந்தது. ஆகவே, மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கான்சஸ் 64–50 என்று பின்தங்கியதும், முடிந்தது என்றே நம்பினேன். கார் வைத்திருந்த நண்பன், “நெரிசலுக்கு முன்னாடியே கிளம்பிடலாமா?” என்றான். நாள்கணக்கில் வரிசையில் கிடந்து பிடித்த இடத்தை விட்டு, மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்கால்களை இடித்தபடி படியேறினேன்.

நடைவழியில் வாசலை நோக்கிப் பாதி தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து ஓர் இரைச்சல் வந்தது. நின்றோம். அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் சில விநாடிகள்கூட இல்லை. முதலில் சுவரில் தெரிந்து, பிறகு கால் வைத்த தரையில் ஏறிய அந்த ஒலியை எந்த ஒலிமானியும் அளக்கவில்லை. திரும்பி ஓடினோம்.

எங்கள் இடத்துக்கு இனிப் போக முடியாது. ஒரு நுழைவழியின் ஓரத்தில், முதிய தம்பதி ஒருவரின் இருக்கையருகே நின்றோம். நெருக்கிப் பழகிய அணியையே இப்போது கான்சஸ் நெருக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பந்து கைமாறும்போதும் கூட்டம் எழுப்பிய ஒலிக்கு ஒரு வேலை இருந்தது: எதிரணி ஆட்டக்காரன் இரண்டடி தள்ளி நிற்கும் தோழன் சொல்வதைக் கேட்கக் கூடாது. மானிக்கு முன் நாங்கள் எழுப்பியதற்கு அப்படி எந்த வேலையும் இருக்கவில்லை. அந்தக் கடைசி நிமிடங்களில் கான்சஸ் 21 புள்ளிகள் எடுக்க, எதிரணி எடுத்தது 7. 71–71 என்று சமன். கூடுதல் நேரத்தில் 84–80 என்று வெற்றி. அந்தப் பருவத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருதைப் பின்னர் வாங்கிய ஃபிராங்க் மேசன், எங்கள் அணியில் எல்லாரையும்விடக் குட்டையாகத் தெரிந்தவர், எதற்கும் அசையாமல் தனி எறிவுக் கோட்டில் நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

நானும் கத்தப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. குரல் மிகவும் வேண்டியிருந்த இடத்தில் என்னிடம் குரல் இல்லை. அதை இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ஓர் எண்ணுக்காகச் செலவழித்துவிட்டேன். இந்தச் சாதனை முயற்சிகள் ரசிகனுக்கு எதையோ கொடுப்பதுபோல் தோன்றினாலும், அவனிடமிருந்து எடுப்பதே அதிகம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். நடுவில் எழுந்து போனவனுக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை.

வெற்றி உறுதியானதும் கான்சஸ் ரசிகர்களின் ‘ராக் சாக் ஜேஹாக்’ முழக்கம் தொடங்கியது. 1886இல் ஒரு வேதியியல் பேராசிரியரிடமிருந்து பிறந்த அது, ஆரவாரமாகத் தொடங்குவதே இல்லை. முதலில் தாலாட்டுப் போல மெல்ல இழுத்துச் சொல்லி, கடைசியில்தான் வேகமெடுக்கும். என் உதடுகள் மட்டும் அசைவதைப் பார்த்த அந்த முதிய அம்மையார், கைப்பையைத் திறந்து ஓர் இருமல் மிட்டாயை என் கையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து முழக்கத்தைத் தொடர்ந்தார்.